திருப்பிப் போட்ட புல்துண்டு

பிளாஸ்டிக் புல்லைப் பற்றி என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்க வேண்டாம். அதை விரித்துத்தான் சோறு தின்றேன், வீடு வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தின்ற சோற்றைப் பழிக்கக் கூடாது என்பார்கள். நான் பழிப்பேன். அந்தச் சோற்றுக்கு விலை கொடுத்தது என் அக்கா.

தொண்ணூறுகளின் நடுவில், கொம்யூட்டர் என்கிற புறநகர் மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. கோலாலம்பூரில் பார்த்த இடமெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் சுங்கை வேயில் ஒரு சீன முதலாளியின் லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் இருந்தேன். தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தொழிற்சாலை வாசலில் மரம் நடுவது, ஆபீஸ் முன்னால் புல் பதிப்பது, வாரம் ஒருமுறை மெஷின் போட்டு வெட்டுவது, இவைதான் எங்கள் வேலை. ஒருநாள் தவுக்கே எங்கோ வெளிநாடு போய்விட்டு, சாப்பாட்டு மேசையில் விரிக்கிற பாய் அளவுக்கு ஒரு பச்சைத் துண்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், ஆளே வேண்டாம் என்று மலாயில் அடுக்கினார். சொல்லிவிட்டு அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். நானும் தடவினேன். முதல் பெரிய வேலைக்கு நீதான் சூப்பர்வைசர் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளே வேண்டாம் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அந்த முதல் வேலை பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் வந்தது. முன்னால் ஆபீஸ் பிளாக், பின்னால் அடுக்குமாடி வீடுகள். இரண்டுக்கும் நடுவே, கார் பார்க்கின் கூரைமேல், நாலு பேட்மின்டன் கோர்ட் அளவுக்கு ஒரு தோட்டம். ஆபீஸ்காரர்களும் வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுக்கொள்கிற பொது இடம். அங்கே நிஜப் புல் இருந்தது. புல்லுக்கு ஊற்றும் தண்ணீர் கூரைக்குள் இறங்கி, கீழே நிற்கும் டைரக்டர்களின் கார் மேல் சொட்டியது. ஏழை வீட்டுக் கூரை ஒழுகினால் சட்டி வைப்பார்கள். இங்கே கார் மேல் ஒழுகியதால் புல்லையே மாற்றினார்கள்.

அந்தப் புல்லை ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் அக்கா.

அத்தான் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்து, ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வேலைதான். தினமும் கிள்ளானிலிருந்து வருவாள். சின்னப் பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, குட்டைக் கத்தியால் கோரையைக் கிழங்கோடு நோண்டி எடுப்பாள். பலகையை நகர்த்துவாள், மறுபடி நோண்டுவாள். தோட்டத்தின் அந்த ஓரம் போய் முடிவதற்குள் இந்த ஓரத்தில் கோரை முளைத்திருக்கும். ஒரே மகள், பள்ளியில் ஃபோர்ம் ஃபைவ் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்து முடிக்கிறவரை இந்த வேலை நிலைத்தால் போதும் என்பதுதான் அக்காவின் ஒரே கணக்கு.

அந்தக் கணக்கில் மண்ணைப் போடுகிற வேலைக்குத்தான் நான் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். ஆனால் அப்போது என்னைக் கேட்டிருந்தால், அக்காவைக் காப்பாற்றப் போகிறவனே நான்தான் என்று சொல்லியிருப்பேன். உண்மையில் கொஞ்சம் முயற்சியும் செய்தேன். கட்டட மேனேஜரும் தமிழர்தான். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடை வைக்க வந்த குடும்பம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, வாயைத் திறந்தால் இங்கிலீஷ், எங்களிடம் மட்டும் தமிழ். அவரிடம் போய், பிளாஸ்டிக் புல்லுக்கும் தினமும் ஆள் வேண்டும், தூரிகை போட்டு நிமிர்த்திவிட வேண்டும், காக்கா எச்சத்தைக் கழுவ வேண்டும், சிகரெட் துண்டு பொறுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் யோசித்தார். “சரி, ஒரு ஆள் போதும். அந்தப் பழைய அம்மாவையே வச்சிக்கலாம், பாவம்” என்றார்.

அந்த அம்மா என் அக்கா என்று நான் சொல்லவில்லை. “நம்ம ஆளுங்கள ஒருத்தர வேலைக்கு வச்சா, சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிட்டு வந்துருவாங்க” என்று அவர் வேறொரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தேன். அதனால் வேலை முடிகிறவரை சைட்டில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதே என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப எப்படிடா கூப்புடறது?”

“பாஸ்னு கூப்புடுலா. எல்லாரும் அப்படித்தான் கூப்புடறாங்க.”

“சரிங்க பாஸ்” என்று கும்பிடு போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் அதை நல்ல வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

வேலை ஆறு வாரம் நடந்தது. பழைய புல்லையும் மண்ணையும் வாரி லோரியில் ஏற்றினோம். அக்கா ஏழு வருடம் சுத்தம் செய்த மண். அவள் ஓரமாக நின்று பார்த்தாள். ஒழுக்கை அடைத்து, தளத்தை மட்டம் பார்த்து, ரோல்களை மேலே ஏற்றி வெயிலில் விரித்தோம். அந்தக் காலத்துச் சரக்கு இப்போது வருவது மாதிரி மெத்தென்று இருக்காது. மத்தியான வெயிலில் வெறுங்காலை வைத்தால் தோசைக்கல். எரிந்த பிளாஸ்டிக் வாளி போல ஒரு வாடை வேறு.

அந்தப் புல்லுக்கு ஒரு சாய்வு உண்டு. பூனையின் முதுகைப் போல ஒரு பக்கமாகத்தான் தடவ முடியும். எல்லா ரோலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு துண்டை மட்டும் மாற்றிப் போட்டால், அதே சரக்கு, அதே சாயம் என்றாலும், வெளிச்சம் படும்போது அது தனியாகக் கறுத்துத் தெரியும். பக்கத்தில் நின்றால் தெரியாது. மேலே மாடியிலிருந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குக் கீழே ஐந்து இந்தோனேசியத் தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். ஒவ்வொரு ரோலின் அடியிலும் சாக்குக்கட்டியால் அம்புக்குறி போட வைத்தேன். அம்பு தப்பினால் கத்துவேன். பிரம்மாவே வந்து புல்லைப் படைத்தாலும் என்னைக் கேட்டுத்தான் படைக்க வேண்டும் என்ற தோரணை.

இணைப்பில் பசை தடவி ஒட்டி, மேலே மெல்லிய மணலைத் தூவி, தூரிகையால் உள்ளே இறக்கினோம். தூரிகை பிடிக்க அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தேன். “புல்லுக்குத் தல சீவி விடற மாதிரி இருக்குடா” என்றாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, “இருக்குங்க பாஸ்” என்று திருத்திக்கொண்டாள்.

ஆனால் வேலையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏதாவது வந்துகொண்டே இருந்தது. ஒருவனுக்குக் கத்தி பட்டு உள்ளங்கை கிழிந்தது. மூன்று நாள் விடாத மழையில் பசை காயாமல் ஒரு நீள இணைப்பு வாயைப் பிளந்தது. தவுக்கே வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. திருஷ்டிதான், வேறென்ன. ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழன் திடீரென்று சூப்பர்வைசர் ஆனால் எத்தனை கண் படும்! திறப்புவிழா வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. அதற்கு முன்னால் விடியற்காலையில் ஒரு பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஆட்கள் வீடு கட்டினாலும் கடை திறந்தாலும் புது லோரி எடுத்தாலும் செய்வதுதானே. புல் பதித்த இடத்திலும் நான் பலமுறை செய்திருக்கிறேன். எரிகிற சூடத்தோடு காயை ஈரப் புல்லில் போட்டு உடைத்தால் சூடம் புஸ்ஸென்று அணைந்துவிடும். மிச்சத்தைக் கூட்டி அள்ளினால் தீர்ந்தது.

கிள்ளான் பாசாரில் ஒரு சாம்பல் பூசணியும் சூடமும் வாங்கி வரும்படி அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டாள், “பிளாஸ்டிக்காச்சே, சூடம் பத்த வைக்கலாமா?”

“கண்ணு போடறவனுக்குப் பிளாஸ்டிக்குன்னு தெரியுமா? நீ வாங்கிட்டு வாலா” என்றேன்.

கேட்டாள். அவள் கேட்டாள் என்பதை நான் மறக்கவே இல்லை. அது புல் இல்லை, பிளாஸ்டிக் என்று ஆறு வாரமாக ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தவன் நான். கோரை நோண்டுகிறவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை முதல் ரயிலில் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மேலே நாங்கள் இரண்டு பேர்தான். காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமத்தைக் கரைத்துக் கொட்டி, மேலே நாலு கட்டி சூடம் வைத்து நான்தான் பற்ற வைத்தேன். நான்தான் தோட்டத்தை மூன்று சுற்று சுற்றினேன். நடுவில் நின்று ஓங்கிப் போட்டு உடைத்தவனும் நானே. காய் சிதறியது, எரிகிற சூடமும் சிதறியது. ஒரு கட்டி உருண்டுபோய்ப் புல்லுக்குள் புகுந்துகொண்டது. அணையவில்லை. சுற்றியிருந்த புல் சுருங்கி, குமிழி விட்டு, கறுப்புப் புகை கக்கியது. ஓடிப்போய் மிதித்தேன். உருகின பிளாஸ்டிக் காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. அக்கா வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி அணைத்தாள். பார்த்தால், சோற்றுத் தட்டு அளவுக்குக் கறுத்து இறுகிய ஒரு ஓட்டை. சுற்றிலும் குங்குமச் சிவப்பு.

என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விழா நாள் என்று சீக்கிரமே வந்திருக்கிறார். புகை வாடை கீழே வரை போயிருக்கும். அவர் ஓட்டையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அவள் குனிந்து பூசணித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சூடப் பொட்டலம் அவள் கையில் இருந்தது.

“யாரு செஞ்சது இது?” என்றார்.

அந்த நேரத்தில் கீழே ஒரு ரயில் வந்தது. அங்கே ரயில் போனால் பேச்சு கேட்காது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். மேனேஜரும் காத்திருந்தார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பயமாகவும் இல்லை. சொல்லு, பரவாயில்லை, என்ன ஆகிவிடும் என்கிற மாதிரி பார்த்தாள். எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு திட்டு. மிஞ்சிப்போனால் சூப்பர்வைசர் பதவி போய் மறுபடி புல் வெட்டும் மெஷினைப் பிடித்திருப்பேன். கடைசிப் பெட்டி போகிறவரை எனக்கு நேரம் இருந்தது. யோசிக்க நேரமில்லை, வாய் தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ரயில் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். “இவங்களுக்கு பிளாஸ்டிக் பத்தித் தெரியாது சார். எஸ்டேட்டு ஆளு. ஏதோ நல்லதுன்னு நெனச்சிச் செஞ்சிட்டாங்க, மன்னிச்சிருங்க” என்றேன்.

கவனியுங்கள், மன்னிப்பும் நானே கேட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் உடைந்த பூசணிக்காயை அக்காவின் முந்தானையில் மறைத்தேன். இவங்க என்றேன். எஸ்டேட்டு ஆளு என்றேன், நான் என்னவோ அரண்மனையில் பிறந்தவன் மாதிரி.

மேனேஜர் அக்காவிடம் திரும்பி, “நீங்கதானாம்மா?” என்றார்.

அக்கா கையிலிருந்த சூடப் பொட்டலத்தை மடித்தாள். பிறகு, “ஆமா சார், நான்தான்” என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் கழுவ முடியவில்லை.

அவர் கத்தவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை, கத்தத் தெரியாது. நமக்கும் சாமி உண்டுதான், ஆனால் இது ஆபீஸ், இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு நாளைக்குக் கட்டடமே எரிந்தால் யார் பதில் சொல்வது என்று அமைதியாகச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், சம்பளத்தைக் கீழே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். என்னிடம், பத்து மணிக்குள் இது தெரியக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா மிச்சமிருந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். ஒரு விதை விடாமல் பொறுக்கினாள். பலகையையும் குட்டைக் கத்தியையும் ஸ்டோரிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான், “அக்கா, நான் அவர்கிட்டப் பேசறேன், ரெண்டு நாள் பொறு” என்றேன். அப்போதுதான் அக்கா என்ற சொல் எனக்கு ஞாபகம் வந்தது. “நேரமாச்சு, நீங்க வேலையப் பாருங்க பாஸ்” என்றாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

நான் வேலையைப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றியிருந்த குங்குமக் கறையோடு சேர்த்துச் சதுரமாக வெட்டி எடுத்து, மிச்ச ரோலில் அதே அளவுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். மணல் தூவித் தூரிகை போட்டேன். பத்து மணிக்கு டத்தோ பட்டம் வாங்கிய யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து ரிப்பன் வெட்டினார். புல்லைக் குனிந்து தொட்டு, நிஜம் மாதிரியே இருக்கிறதே என்றார். கைதட்டினார்கள். தவுக்கே என் தோளைத் தட்டினார். எனக்கு ஒரு கரிபாப் பலகாரமும் ஆரஞ்சுத் தண்ணீரும் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் இறங்கியது. இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் படம் எடுப்பதற்காக ஆபீஸ் பிளாக்கின் மூன்றாவது மாடிக்குப் போய்க் கீழே பார்த்தேன். பச்சை விரிப்பின் நடுவில், மேசைவிரிப்பு அளவுக்கு ஒரு கறுத்த சதுரம். சாய்வை மாற்றிப் போட்டிருக்கிறேன். அம்பு தப்பினால் கத்துகிற நான், அம்பைப் பார்க்கவே இல்லை.

பேசுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேனே, பேசவில்லை. அடுத்த வாரம் என்றேன், தீபாவளி கழியட்டும் என்றேன். பிறகு, அவள்தான் வேறு வேலைக்குப் போய்விட்டாளே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே அச்சிலிருந்து கையுறைகளை உரிக்க வேண்டும். ஒரு வருடத்தில் அவளுக்கு முழங்கால் போயிற்று. கட்டடத்தில் தூரிகை போட வேறு ஒரு ஆளை வைத்தார்கள். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

அக்கா என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவள் வீட்டுக்குப் போனால், “வாங்க” என்றாள். அதுவரை பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றவள். “உக்காருங்க. சாப்புடறீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றாள். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் எவ்வளவு மரியாதையான அக்கா என்பான். நான் அந்த மரியாதையைச் சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டு வருவேன். ஒருமுறை, “ஏன்க்கா இப்படி வாங்க போங்கன்னு…” என்று ஆரம்பித்தேன். “நீங்கதானே சொன்னீங்க, தம்பின்னு கூப்புட வேணாம்னு” என்று ரசத்தை ஊற்றினாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காக அந்தக் கட்டடத்துக்குப் போவேன். போகும்போதெல்லாம் மூன்றாவது மாடி ஏறிப் பார்ப்பேன். அந்தச் சதுரம் அப்படியே இருக்கும். வெட்டி எடுத்துத் திருப்பி ஒட்ட ஒரு மணி நேரம் போதும். தொழில் தெரிந்தவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஏன் மறுபடி வெட்டினாய் என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் கேட்டிருக்கவே மாட்டார். மேலேயிருந்து தினமும் அதைப் பார்க்கிறவர்களே, நிழல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் அக்கா மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். வேட்டி கட்டி, சீர் தட்டைத் தூக்கி, மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். அக்கா எனக்கு ஒரு மரியாதையும் குறைக்கவில்லை. இன்றைக்காவது, எல்லாம் முடிந்த பிறகு, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டுகூடப் போனேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறுவதற்கு முன் பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது தாய்மாமன் வேலை. யாரோ காயை என் கையில் கொடுத்தார்கள். மேலே சூடம் வைத்தாயிற்று. நான் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியை உரசப் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

“குடுங்க” என்று தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். “நானே பத்த வைக்கிறேன். எப்படியும் நான்தான் பத்த வச்சேன்னு சொல்லப் போறீங்க.”

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “என்ன சம்பந்தி, தம்பி என்ன செஞ்சாரு?” என்று என்னையும் அவளையும் பார்த்துக் கேட்டாள்.

அக்கா தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், ரயில் போகிறவரை பார்த்தாளே, அதே மாதிரி.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா குச்சியை உரசினாள்.